தாவர நார்க் கூட்டுப்பொருள்களும் மோதல் பாதுகாப்பும்

தாவர நார்க் கூட்டுப்பொருள் என்பது தேங்காய் நார், சணல், கற்றாழை நார், வாழை நார், ஆளி நார் போன்றவற்றைப் பிசினிலோ நெகிழியிலோ ரப்பரிலோ பதித்துச் செய்யப்படும் பொருளாகும். கண்ணாடி நார் கொண்டு செய்யும் பொருள்களுக்கு மாற்றாக இது உலகெங்கும் ஆராயப்படுகிறது. தலைக்கவசம், வாகனக் கதவின் உட்பலகை, பொருள்களைப் பொதியும் அட்டை எனப் பலவும் மோதலிலிருந்து எதையோ ஒன்றைக் காக்கும் பொருள்கள். வயலில் விளையும் நாரை இவற்றில் நம்பிப் பயன்படுத்தலாமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இருசக்கர வாகனங்களும் லாரிகளும் உற்பத்தியாகும் ஓசூர், தென்னையும் மாவும் விளையும் கிருஷ்ணகிரி, ஆய்வகங்கள் நிறைந்த பெங்களூரு ஆகிய மூன்றும் ஒரே நெடுஞ்சாலையில் அமைந்துள்ளன. எனவே இந்த வட்டாரத்து மாணவர்களுக்கு இக்கேள்வி மிகவும் நெருக்கமானது.

கூட்டுப்பொருள் என்றால் என்ன?

இரண்டு பொருள்கள் தம் இயல்பை இழக்காமல் சேர்ந்து, தனித்தனியே இல்லாத பண்பைத் தந்தால் அது கூட்டுப்பொருள். களிமண்ணில் வைக்கோலை மிதித்துக் குழைத்துச் சுவர் வைத்த நம் முன்னோர் செய்ததும் இதுவே. வெறும் மண் காய்ந்தால் வெடிக்கும். வைக்கோல் அந்த வெடிப்பை ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

இன்றைய கூட்டுப்பொருளில் நார் இழுவிசையைத் தாங்குகிறது. பிசின் நார்களை ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு நாரின் மேல் விழும் சுமையை மற்ற நார்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. பட்டறைகளில் ‘ஃபைபர்’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் பிசினில் பதித்த கண்ணாடி நாரே. தண்ணீர்த் தொட்டி, பேருந்தின் முகப்பு, சிலவகைத் தலைக்கவசங்களின் ஓடு ஆகியவை அதனால் செய்யப்படுகின்றன.

மோதலின்போது நடப்பது என்ன?

மோதல் பாதுகாப்பைப் புரிந்துகொள்ளப் பள்ளி இயற்பியல் போதும். 5 கிலோகிராம் நிறையுள்ள தலை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். அதன் ஆற்றல் 5 × 9.8 × 1.5, அதாவது 73.5 ஜூல். இந்த ஆற்றல் முழுவதும் தீர்ந்தால்தான் தலை நிற்கும்.

தார்ச்சாலையில் நேரடியாக மோதி 2 மில்லிமீட்டர் தொலைவுக்குள் நின்றால், சராசரி விசை 73.5 ÷ 0.002 = 36,750 நியூட்டன். இடையில் ஒரு மெத்தை 25 மில்லிமீட்டர் நசுங்கி இடம்கொடுத்தால், விசை 73.5 ÷ 0.025 = 2,940 நியூட்டன். ஆற்றல் மாறவில்லை. நிற்கும் தொலைவு பன்னிரண்டரை மடங்கு கூடியதால் விசை அதே அளவுக்குக் குறைந்தது. வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதும், கூடையில் மாம்பழத்துக்கு அடியில் வைக்கோல் பரப்புவதும் இதே கணக்கில்தான்.

தலைக்கவசத்தில் இந்த வேலை இரண்டாகப் பிரிகிறது. வெளி ஓடு, கூர்மையான கல் துளைக்காதபடி தடுத்து, அடியைப் பரந்த இடத்துக்குப் பரப்புகிறது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரைப்பொருள் நசுங்கி ஆற்றலை வாங்குகிறது. தாவர நாருக்கு இடம் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது, அது ஓட்டின் வேலையைச் செய்யப்போகிறதா அல்லது மெத்தையின் வேலையைச் செய்யப்போகிறதா என்பதே. இரண்டுக்கும் வேண்டிய பண்புகள் வேறு.

வலிமையும் தாங்குதிறனும்

ஒரு நார் அறுபடும்வரை எவ்வளவு விசை தாங்குகிறது என்பது இழுவலிமை. அறுபடுவதற்குள் எவ்வளவு ஆற்றலை வாங்குகிறது என்பது தாங்குதிறன். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது மாணவரிடையே பொதுவான குழப்பம். கண்ணாடித் தகடு விறைப்பானது, ஆனால் ஒரு தட்டில் உடையும். ரப்பர் அவ்வளவு வலுவானதன்று, ஆனால் அடித்தாலும் உடையாது.

நூல்களில் பொதுவாகக் காணப்படும் அளவுகள் வருமாறு. அடர்த்தி கன சென்டிமீட்டருக்குக் கிராமிலும், இழுவலிமை மெகாபாஸ்கலிலும், அறுபடும்போதுள்ள நீட்சி விழுக்காட்டிலும் தரப்பட்டுள்ளன.

• கண்ணாடி நார்: அடர்த்தி 2.5–2.6, இழுவலிமை 2,000–3,500, நீட்சி 2.5–4.8
• ஆளி நார்: அடர்த்தி 1.4–1.5, இழுவலிமை 345–1,500, நீட்சி 1.2–3.2
• சணல்: அடர்த்தி 1.3–1.5, இழுவலிமை 390–800, நீட்சி 1.2–1.8
• சிசல் கற்றாழை நார்: அடர்த்தி 1.3–1.5, இழுவலிமை 400–700, நீட்சி 2–7
• தேங்காய் நார்: அடர்த்தி 1.15–1.25, இழுவலிமை 130–220, நீட்சி 15–40

இழுவலிமையில் தேங்காய் நார் கடைசி இடம். நீட்சியிலோ அதற்கு ஈடில்லை. விசை சீராக ஏறுவதாகக் கொண்டு, வலிமையையும் நீட்சியையும் பெருக்கிப் பாதியாக்கினால் தாங்குதிறன் தோராயமாகக் கிடைக்கும். சணலுக்கு 500 மெகாபாஸ்கலும் 1.6 விழுக்காடும் எடுத்தால் கன மீட்டருக்கு 4 மெகாஜூல். தேங்காய் நாருக்கு 150 மெகாபாஸ்கலும் 30 விழுக்காடும் எடுத்தால் 22.5 மெகாஜூல். வலிமையில் மூன்றில் ஒரு பங்கே உள்ள நார் ஐந்து மடங்குக்கும் மேல் ஆற்றலை வாங்குகிறது.

கண்ணாடி நாருக்கு 2,500 மெகாபாஸ்கலும் 3.5 விழுக்காடும் எடுத்தால் ஏறத்தாழ 44 மெகாஜூல் வரும். கன அளவில் கண்ணாடியே முந்துகிறது. ஆனால் அது இரு மடங்கு கனமானது. ஒரு கிலோகிராமுக்கு என்று கணக்கிட்டால் கண்ணாடிக்குச் சுமார் 17 கிலோஜூல், தேங்காய் நாருக்குச் சுமார் 19 கிலோஜூல். இது தனி நாருக்கான தோராயக் கணக்குதான். பிசினில் பதித்த பிறகு நிலைமை மாறும் என்பதைப் பின்னர் காண்போம்.

தேங்காய் நார் ஏன் நீள்கிறது?

தாவர நார் ஒவ்வொன்றும் செல்லுலோஸ் என்னும் நுண்ணிழைகளால் ஆனது. இவை நாரின் நீளவாட்டில் சுருள்சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். ஆளி, சணல் ஆகியவற்றில் இச்சுருள் நாரின் அச்சுக்குச் சுமார் 10 பாகை அல்லது அதற்கும் குறைவான கோணத்தில் உள்ளது. ஏறக்குறைய நேர்க்கோடு. ஆகவே இழுத்தவுடன் செல்லுலோஸே சுமையை ஏற்கிறது. நார் வலுவாக இருக்கும், நீளாது.

தேங்காய் நாரில் இக்கோணம் 30 முதல் 49 பாகை வரை உள்ளது. இழுக்கும்போது சுருள் கம்பி விரிவதுபோல் நுண்ணிழைகள் முதலில் விரிந்து நிமிர்கின்றன. அத்துடன் இதில் லிக்னின் 40 விழுக்காட்டுக்கும் மேல் உள்ளது. செல்லுலோஸ் குறைவு, லிக்னின் மிகுதி என்பதால்தான் இது வலிமை குறைந்தும், எளிதில் மட்காமலும் இருக்கிறது. கடல்நீரில் கிடக்கும் கயிறும், படகு கரையில் இடிக்காமலிருக்கக் கட்டும் கயிற்று மெத்தையும் தேங்காய் நாரில் செய்யப்பட்டதற்கு இதுவே காரணம்.

ஏற்கெனவே செய்து பார்க்கப்பட்டவை

தாவர நாரைப் பாதுகாப்புப் பொருளாக்கும் முயற்சி புதிதன்று. 1980களில் திருவனந்தபுரத்தில் உள்ள வட்டார ஆராய்ச்சி ஆய்வகத்தில் (இன்றைய தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம்) கே. ஜி. சத்தியநாராயணாவும் உடன் பணியாற்றியோரும் தேங்காய் நார், வாழை நார் முதலியவற்றைப் பாலியெஸ்டர் பிசினில் பதித்து ஆராய்ந்தனர். தேங்காய் நார்க் கூட்டுப்பொருளில் தலைக்கவசம், அஞ்சல் பெட்டி, கூரைத் தகடு, மின்னழுத்த நிலைப்படுத்தியின் மூடி போன்றவை செய்து காட்டப்பட்டன. தாவர நாரில் தலைக்கவசம் செய்ய முடியும் என்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. ஆயினும் அது கடைத்தெருவுக்கு வந்து நிலைபெறவில்லை. அதற்கான காரணங்கள் அடுத்து வரும் பகுதிகளில் விளங்கும்.

பெங்களூருவில் இந்திய ஒட்டுப்பலகைத் தொழில் ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் சணலையும் தேங்காய் நாரையும் சேர்த்துப் பலகைகளை உருவாக்கியது. இவை மரத்துக்கும் ஒட்டுப்பலகைக்கும் மாற்றாக முன்வைக்கப்பட்டன. விறைப்பைச் சணல் தர, தாங்குதிறனைத் தேங்காய் நார் தரும் இம்முறைக்குக் கலப்பு நார் முறை என்று பெயர்.

வாகனத் தொழிலில் தாவர நார் ஏற்கெனவே ஓடுகிறது. 1990களிலேயே மெர்சிடஸ் பென்ஸ் கார்களின் கதவு உட்பலகைகளில் ஆளி, சிசல் நார்கள் இடம்பெற்றன. 2020இல் மெக்லாரன் ஃபார்முலா ஒன்று அணி ஆளி நாரில் செய்த ஓட்டுநர் இருக்கையைப் பயன்படுத்தியது. கார்பன் நார் உடையும்போது கூரிய சில்லுகளாகச் சிதறும். ஆளி நார்ப் பொருள் பெரும்பாலும் அப்படிச் சிதறுவதில்லை. மோதலில் இது சிறிய நன்மையன்று.

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் உள்ள இராணுவப் பொறியியல் நிறுவனத்தின் ஆய்வுகளும் குறிப்பிடத்தக்கவை. குண்டு துளைக்காத கவசத்தின் முன்புறம் பீங்கான் தகடு இருக்கும். குண்டை உடைப்பது அதுவே. உடைந்த துண்டுகளை அடுத்த அடுக்கு பிடிக்கிறது. வழக்கமாக அந்த அடுக்கில் அராமிட் துணி இருக்கும். அதற்குப் பதிலாகச் சணல், சிசல், குராவா ஆகிய நார்க் கூட்டுப்பொருள்களை வைத்துச் சோதித்தபோது, பின்புறக் களிமண்ணில் விழும் பள்ளம் அனுமதிக்கப்பட்ட 44 மில்லிமீட்டருக்குள்ளேயே இருந்தது. தாவர நார் தனியாகக் குண்டைத் தடுத்தது என்று இதற்குப் பொருளில்லை. சரியான அடுக்கில் சரியான வேலை கொடுத்தால் அது செய்கிறது என்பதே இதன் பாடம்.

தடைகள்

முதல் தடை பிசினுக்கும் நாருக்கும் உள்ள பொருத்தமின்மை. பாலியெஸ்டர் பிசின் சில விழுக்காடு நீட்சியிலேயே விரிசல் விடும். தேங்காய் நார் 30 விழுக்காடு நீளக்கூடியதானாலும், சுற்றியுள்ள பிசின் அதற்குள் உடைந்துவிடுகிறது. பின்னர் நார்கள் விரிசலுக்குக் குறுக்கே பாலம்போல் நின்று, பிசினிலிருந்து உருவி வரும்போது உராய்வில் ஆற்றலை வாங்குகின்றன. பலன் உண்டு, ஆனால் நாரின் முழுத் திறன் வெளிப்படுவதில்லை. நாரும் நீண்டு பிணைப்புப் பொருளும் நீண்டால்தான் முழுப்பலன். அதனால்தான் இயற்கை ரப்பர்ப்பால் தெளித்த தேங்காய் நார் மெத்தைகளிலும் வாகன இருக்கைகளிலும் நெடுங்காலம் வெற்றிகரமாக இருந்துவருகிறது.

இரண்டாவது தடை ஈரம். செல்லுலோஸ் நீரை விரும்பும் பொருள். நார் ஈரத்தை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். இப்படிப் பலமுறை நடந்தால் நாருக்கும் பிசினுக்கும் இடையே இடைவெளி விழும். தலைக்கவசத்தை எண்ணிப் பாருங்கள். வியர்வையும் மழையும் வெயிலும் மாறிமாறிப் படும். வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே பிணைப்பு தளர்ந்திருக்கலாம். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நாரைக் கழுவினால் மேற்பரப்பு சொரசொரப்பாகிப் பிணைப்பு கூடும். ஆனால் சிக்கலை அது முற்றிலும் தீர்ப்பதில்லை.

மூன்றாவது தடை மாறுபாடு. மேலே தந்த அளவுகளில் ஆளி நாரின் வலிமை 345இலிருந்து 1,500 வரை விரிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நிலம், மழை, அறுவடைப் பருவம், நார் பிரித்த முறை ஆகியவற்றுக்கேற்ப நார் மாறும். ஆலையில் வரும் கண்ணாடி நார் இந்த அளவுக்கு மாறாது. மெத்தையில் இம்மாறுபாடு பொறுக்கத்தக்கது. உயிரைக் காக்கும் பொருளில், சராசரியைவிட மிகப் பலவீனமான மாதிரியே கணக்கில் வரும்.

நான்காவது தடை வெப்பம். சுமார் 200 பாகை செல்சியசுக்கு மேல் தாவர நார் கருகத் தொடங்கும். 165 பாகை அளவில் உருகும் பாலிப்ரொப்பிலீனுடன் அதைச் சேர்க்கலாம். அதைவிட உயர்ந்த வெப்பத்தில் வார்க்கப்படும் ஏ.பி.எஸ்., நைலான் போன்றவற்றுடன் சேர்ப்பது கடினம்.

ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரம்

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததிலிருந்து ஓசூர் வளர்ந்த கதை பலரும் அறிந்ததே. அசோக் லேலண்ட் லாரிகளும் டி.வி.எஸ். இருசக்கர வாகனங்களும் இங்கே உற்பத்தியாகின்றன. அண்மை ஆண்டுகளில் ஏத்தர் நிறுவனம் ஓசூரிலும், ஓலா நிறுவனம் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் ஆலைகளை அமைத்தன. பெருநிறுவனங்களைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மின் வாகனத்தில் எடை குறைந்தால் அதே மின்கலத்தில் கூடுதல் தொலைவு ஓடலாம். எனவே இலேசான நார்ப் பொருளுக்கு இங்கே உண்மையான தேவை இருக்கிறது.

மூலப்பொருளும் தொலைவில் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தென்பெண்ணைப் பாசனப் பகுதிகளில் தென்னை உண்டு. மானாவாரி நிலங்களின் வரப்பில் ஆனைக்கற்றாழை வேலியாக நிற்கிறது. (இதுவும் சிசலும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு செடிகள்.) வாழை குலை தள்ளியபின் வெட்டிப்போடும் மரமும் நார் தரும். மட்டையிலிருந்து நார் பிரிக்கும் இயந்திரங்கள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. திருச்சிராப்பள்ளியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வாழை நார் பற்றியும் ஆய்வு செய்துவருகிறது.

தொழில்முனைவோருக்கு இங்கே குறைவாக இருப்பது நாரைத் தரம்பிரித்து, ஒரே ஈரப்பதத்தில், ஒரே நீளத்தில், ஆண்டு முழுவதும் தரும் இடைநிலை ஏற்பாடுதான். வாகன நிறுவனம் மாதந்தோறும் ஒரே தரத்தை எதிர்பார்க்கும். வரப்புக் கற்றாழையை நம்பி அந்த வாக்குறுதியைத் தர முடியாது.

தரமும் சட்டமும்

இந்தியாவில் இருசக்கர வாகனத் தலைக்கவசத்துக்கு ஐ.எஸ். 4151, தொழிற்சாலைத் தலைக்கவசத்துக்கு ஐ.எஸ். 2925 ஆகியவை தர வரையறைகள். 2021 ஜூன் 1 முதல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை இல்லாத இருசக்கர வாகனத் தலைக்கவசத்தைச் செய்வதும் விற்பதும் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.

இவ்வகை வரையறைகள் புதிய கவசத்தை ஒருமுறை தட்டிப் பார்ப்பதோடு நிற்பதில்லை. சூட்டிலும் குளிரிலும் ஈரத்திலும் வைத்தெடுத்த பிறகும் மோதிப் பார்க்கின்றன. ஐரோப்பியத் தொழிற்சாலைத் தலைக்கவச வரையறையான ஈ.என். 397இல், 5 கிலோகிராம் எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால், தலைக்குக் கடத்தப்படும் விசை 5 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது. வந்த ஆற்றல் 49 ஜூல் என்பதை மாணவர்கள் தாமே கணக்கிடலாம்.

ஆகவே, ‘இயற்கை நாரில் செய்தது’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து எவரும் தலைக்கவசம் வாங்கக்கூடாது. உள்ளே எந்த நார் இருந்தாலும் சோதனை ஒன்றே. முத்திரை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

உண்மையில் எவ்வளவு பசுமை?

நார் இயற்கையானது என்பதால் பொருள் முழுவதும் இயற்கையானதாகிவிடாது. கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை தயாரான டிராபண்ட் காரின் மேற்பலகைகள் பருத்திக் கழிவையும் பீனால் பிசினையும் சேர்த்துச் செய்யப்பட்டவை. எஃகு தட்டுப்பாட்டுக்கு அது நல்ல விடை. ஆனால் கெட்டிப்பட்ட அப்பிசினை மீண்டும் உருக்க முடியாததால், கார்கள் பழையனவானபோது அப்பலகைகளை என்ன செய்வதென்பதே சிக்கலாயிற்று. பருத்தி மட்கும், பருத்தியைச் சூழ்ந்த பிசின் மட்காது.

நாரை ஊறவைக்கும் நீரும், கழுவிய காரக் கரைசலும் ஆற்றில் கலந்தால் அதுவும் மாசுதான். இன்னொரு புறம், தாவர நாரைப் பிரித்தெடுக்க ஆகும் ஆற்றல், கண்ணாடியை உருக்கி நாராக்க ஆகும் ஆற்றலைவிட மிகக் குறைவு. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் கண்ணாடித் தூள் தொழிலாளரின் தோலையும் மூச்சுக்குழலையும் உறுத்தும். தாவர நாரில் அந்த உறுத்தல் குறைவு, எனினும் தூசு மூடி தேவைதான். பிசினையும் தாவரத்திலிருந்து பெறும் முயற்சி நடக்கிறது. முந்திரிக் கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயால் ஆன பிசின்கள் வாகன பிரேக் லைனிங்கில் ஏற்கெனவே பயன்படுகின்றன.

எங்கிருந்து தொடங்கலாம்?

மேற்கண்ட பண்புகளை வைத்துப் பார்த்தால் ஒரு வரிசை தெளிவாகிறது. முதலில், உடைந்தால் பொருள் மட்டுமே சேதமாகும் இடங்கள்: உதிரிபாகங்களை அனுப்பும் பெட்டிகளின் உள்மெத்தை, பழப்பெட்டி, இயந்திர உறை. இங்கே ரப்பர் கலந்த தேங்காய் நார் இன்றே போதும். அடுத்து, வாகனத்தின் உட்பலகைகள்: பாலிப்ரொப்பிலீனுடன் சேர்த்த சணலும் சிசலும் உலக அளவில் தேறியவை. அதன்பின், கண்ணாடி நாரையும் தாவர நாரையும் அடுக்கி, வெளியடுக்கில் கண்ணாடியை வைத்து ஈரத்தைத் தடுக்கும் கலப்புப் பொருள்கள். தலைக்கவச ஓடு கடைசியில் வரவேண்டியது. பல பருவங்களின் நாரையும், பல மழைக்காலங்களின் பழமையையும் தாங்கித் தேறிய பிறகே அதை விற்பனைக்கு விடுவது முறை.

மாணவர் செய்து பார்க்க

தேங்காய் மட்டையிலிருந்து ஒரு நாரையும், சாக்கிலிருந்து ஒரு சணல் இழையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரு மைப்புள்ளி வையுங்கள். ஒரு முனையை மேசையில் ஒட்டி, மறுமுனையை அளவுகோல் ஓரமாக மெதுவாக இழுங்கள். சணல் 2 மில்லிமீட்டர்கூட நீளாமல் அறுபடும். தேங்காய் நார் 1.5 சென்டிமீட்டர் முதல் 4 சென்டிமீட்டர் வரை நீளக்கூடும். பத்துப் பத்து நார்களில் செய்து அளவுகளைப் பட்டியலிடுங்கள். பிறகு ஒருநாள் நீரில் ஊறவைத்த நார்களில் திரும்பச் செய்யுங்கள்.

சராசரியை மட்டும் எழுதாமல், மிகக் குறைந்த அளவையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புப் பொருளை வடிவமைக்கும் பொறியாளர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.